மேற்குச் சுவரின் கடைசிக் கல்

"உந்த ஊசி எங்களைப் பொய்யர் எண்டு சொல்லிப்போட்டால் என்ன செய்வீங்கள்?"

அர்ஜோலா ஊரின் மேயர் பொனாரியா இதைச் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். சாருமதிக்கு அது சிரிப்புக் கேள்வியாகப் படவில்லை. தலைமயிரைவிடக் கொஞ்சம் தடித்த கண்ணாடி ஊசியை இரண்டு கருங்கற்களுக்கு நடுவிலிருந்த இடுக்கில் மெல்லச் செருகிவிட்டு நிமிர்ந்தாள்.

"அது சொல்லுறதை அப்பிடியே எழுதிக் குடுப்பன்."

"நல்லது. அதைத்தான் நாங்களும் கேக்கிறம்," என்றார் பொனாரியா.

சார்டீனியாத் தீவின் வடபகுதியில், பட்டை உரிக்கப்பட்டுச் சிவந்து நிற்கும் தக்கை மரங்களுக்கு மேலே, ஒரு குன்றின் தலையில் அந்தக் கோட்டை இருந்தது. நடுவில் ஒரு வட்டக் கோபுரம். அதைச் சுற்றி ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு மதில். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இரும்பைக் காணாத மனிதர்கள் சாந்து பூசாமல், கல்லின் மேல் கல்லை இருத்தியே அதை எழுப்பியிருந்தார்கள். மதிலுக்குள்ளே படி இறங்கிப் போனால் ஒரு கிணறு. தொடர்ந்து பல ஆண்டுகளாக மழை பொய்த்து, தீவின் அணைகள் எல்லாம் வறண்டு நிலம் வெடித்துக் கிடந்தபோதும் அந்தக் கிணற்றில் தண்ணீர் குறையவில்லை. கீழேயிருந்த ஊர் அந்தக் கிணற்றை நம்பித்தான் உயிரோடு இருந்தது.

வழக்கும் அந்தக் கிணற்றைப் பற்றியதுதான். தலமேரா என்ற உல்லாச விடுதி நிறுவனம் கோட்டையை நீண்ட குத்தகைக்குக் கேட்டிருந்தது. தீவின் சட்டம் ஒரே ஒரு தடையைத்தான் வைத்திருந்தது. ஒரு தொல்சின்னத்தை ஒரு சமூகம் இடைவிடாமல் பராமரித்து வந்திருந்தால் அதைக் காக்கும் உரிமை அந்தச் சமூகத்துக்கே. இடையில் இரண்டு தலைமுறை விடுபட்டாலும் உரிமை போய்விடும்.

நிறுவனத்தின் வழக்கறிஞர் சலீஸ் பாடப்புத்தகத்தைக் காட்டி வாதாடினார். கோட்டை ரோமர் காலத்திலேயே கைவிடப்பட்டுவிட்டது. இன்றைய அர்ஜோலாக்காரர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பக்கத்துக் கோர்சிக்காத் தீவிலிருந்து தோணியில் வந்து இறங்கிய இடையர்களின் பிள்ளைகள். அவர்களுக்கும் இந்தச் சுவருக்கும் என்ன தொடர்பு?

அதைக் கண்டுபிடித்துச் சொல்லத்தான் நீதிமன்றம் சாருமதியை அனுப்பியிருந்தது. அவளுடைய பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து சிசிலிக்கு வந்து, பலெர்மோ நகரத்தில் வீடுகள் துடைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர்கள். அதே தெருவில் வளர்ந்த நிக்சனும் அவளும் சேர்ந்து, தங்கள் இளமையின் நல்ல பகுதியைச் செலவழித்துக் கட்டியதுதான் அந்த ஊசிக் கருவி. நீதிமன்றத்துக்கு அது வருவது இதுதான் முதல் தடவை. இங்கே அது தோற்றால் வேறெங்கும் யாரும் அதைக் கூப்பிடப்போவதில்லை.

"இது என்னத்தைத்தான் பாக்குது?" பொனாரியா ஊசியை உற்றுப் பார்த்தார்.

கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நிக்சன் திரும்பினான். "மேயரம்மா, கல்லுக்குள்ள ஒரு சின்ன பற்றரி இருக்கெண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. இருட்டில கிடக்கிற வரைக்கும் அது கொஞ்சங் கொஞ்சமா சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். வெயில் பட்டால் உடனே முழுக்க இறங்கிப்போடும்."

"அப்ப?"

"கல்லைச் சுவரில வைக்கேக்கை அதின்ர உள்முகம் கடைசியா வெயிலைக் காணுது. பிறகு இருட்டு. அண்டையில இருந்து ஏறின சார்ஜ் எவ்வளவு எண்டு இந்த ஊசி அளக்கும். எப்ப வைச்ச கல் எண்டு தெரிஞ்சுபோடும். பழைய கல்லெண்டால் ஏறக்குறைய எந்த நூற்றாண்டு எண்டு சொல்லும். கிட்டடியில வைச்சதெண்டால் மாசத்தையே சொல்லும்."

பொனாரியா மேற்குச் சுவரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். பிறகு, வாசற் கதவருகே நின்றிருந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பெண் லிவியா கவல்லோ, அரசின் தொல்லியல் கண்காணிப்பாளர்; பெரிய அதிகாரிகளை அழைக்கும் தீவு வழக்கப்படி ஊருக்கு அவர் 'டொக்டர்'. வட இத்தாலியின் தூரின் நகரத்திலிருந்து மாற்றலாகி வந்து, திரும்பிப் போகாமல் தீவிலேயே தங்கிவிட்டவர். கோட்டைக்குள் யார் வந்தாலும் அவர் கூடவே நிற்க வேண்டும் என்பது விதி. சாவி அவரிடம்தான். ஒருமுறை திருவிழாவுக்கு விளக்குக் கட்ட மதிலில் ஏணி சாத்தியதற்காகப் பொனாரியாவுக்கே அபராதம் போட்டவர். ஊரில் யாரும் அவரோடு சிரித்துப் பேசுவதில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

வேலை வசந்தகாலம் முழுக்க நடந்தது. அடிவரிசைக் கற்கள் மூவாயிரத்துச் சொச்சம் ஆண்டு என்று சொல்லின. எல்லாரும் எதிர்பார்த்ததுதான். அதற்கு மேலே போகப்போகத்தான் சாருமதி ஒவ்வொரு கல்லையும் இரண்டு தடவை அளக்கத் தொடங்கினாள்.

ரோமர் கோட்டையை உடைத்த காலத்துக்குப் பிறகு வைத்த கற்கள் இருந்தன. அதற்கும் பல தலைமுறை கழித்து வைத்தவை இருந்தன. அரபுக் கொள்ளைக் கப்பல்கள் கரையோரம் திரிந்த காலத்தில் வடக்கு மூலையை யாரோ முழுதாகப் பிரித்து, திரும்பவும் அடுக்கியிருந்தார்கள். கொள்ளைநோய் வந்து தீவில் பாதிப்பேர் செத்துப்போன நூற்றாண்டிலும் கூட இரண்டு கற்கள். பிறகு கோர்சிக்கா இடையர்கள் வந்து இறங்கிய காலம். அங்கேதான் விட்டுப்போயிருக்கும் என்று அவள் நினைத்தாள். விட்டுப்போகவில்லை. வந்தவர்கள் தங்கள் வீடுகளைக் கட்டிய அதே ஆண்டுகளில் கிணற்றுப் பக்கச் சுவரையும் தூக்கி நிறுத்தியிருந்தார்கள்.

"நிக்சன், இஞ்ச பார். ஒருத்தரும் கைவிடேல்லை. ஆக்கள் மாறி மாறி வந்திருக்கினம், பாஷை மாறியிருக்கு, கடவுள் மாறியிருக்கு. சுவரை மட்டும் ஒருத்தரும் விழ விடேல்லை."

நிக்சன் திரையில் அந்த ஆண்டுகளைப் பெரிதாக்கிப் பார்த்தான். "தோணியில வந்த சனம் எண்டு சலீஸ் நக்கலடிச்சவர். எங்களையும் இப்பிடித்தானே சொன்னவங்கள். வந்த கையோட சுவரைத்தான் பிடிச்சிருக்குதுகள், பாத்தியே." பிறகு சட்டென்று முகம் மாறி, விரலால் ஓரிடத்தைத் தொட்டான். "ஆனால் உதில ஒரு பிரச்சினை இருக்கு, சாரு."

மேற்குச் சுவரின் மேற்பகுதி. பொனாரியாவின் பாட்டன் காலத்தில் அரசு அந்தக் கோட்டையைப் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்திருந்தது. அன்றிலிருந்து அதன் ஒரு கல்லை அசைத்தாலும் சிறை. ஆனால் மேற்குச் சுவரில் ஒரு வரிசைக் கற்கள் அதற்குப் பிறகு வைக்கப்பட்டவை. பாட்டன் காலத்தில் சில, தகப்பன் காலத்தில் சில, பொனாரியா கல்யாணம் முடித்த வயதில் சில.

"உதுகளை விட்டுப்போட்டு மற்றதைக் குடுப்பம்," என்றான் நிக்சன். "பழசே போதும்."

"காணாது. அரசு அறிவிச்ச நாளில இருந்து இண்டைக்கு இரண்டு தலைமுறைக்கு மேல. உந்தக் கல்லுகளை எடுத்தால் சட்டப்படி விட்டுப்போச்சு. கிணறு போகும். சேத்தால் ஆக்கள் ஜெயிலுக்குப் போவினம்."

"அவை எங்களுக்குச் சாப்பாடு தந்த ஆக்கள், சாரு."

"தெரியும். ஆனால் ஒரு கல்லை மறைச்சமெண்டால் பிறகு எங்கட ஊசி சொல்லுறதை ஆர் நம்புவினம்? மற்றக் கல்லெல்லாம் பொய்யாப் போகும்."

அவள் இன்னொன்றையும் பார்த்திருந்தாள். அந்த வரிசையின் ஓரத்தில், நிலம் மேடேறி வரிசை இடுப்பளவாகத் தாழும் இடத்தில், எல்லாவற்றிலும் புதிதாக ஒரு கல் இருந்தது. இரண்டு ஆண்டுக்கு முந்திய கோடையில், ஆடி மாதம் அளவில் வைத்தது.

விதிப்படி முடிவுகளை இரு தரப்புக்கும் ஒரே நாளில் சொல்ல வேண்டும். சலீசுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, பொனாரியாவைக் கோட்டைக்கே வரச்சொல்லி நேரில் சொன்னாள் சாருமதி. லிவியாவும் வழக்கம்போலக் கூட நின்றார். வெயில் ஏறிய முற்பகல். காற்று தக்கை மரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தது.

பொனாரியா முழுவதையும் கேட்டார். ரோமர், கொள்ளைநோய், தன் முன்னோர் வந்திறங்கிய காலம் எல்லாவற்றையும் கேட்டபோது அவர் கழுத்து நிமிர்ந்துகொண்டே போனது. மேற்குச் சுவரைச் சொன்னபோதும் அது தாழவில்லை.

"என்ர பேரை எழுதுங்கோ," என்றார். "என்ர மனுசன் தூக்கினவர், நான் கீழ நிண்டு குடுத்தனான். பெருமழைக்குச் சுவர் சரிஞ்சுபோச்சு. அந்தக் காலத்து அதிகாரிமாருக்கு எத்தினை தரம் எழுதினம், ஒருத்தரும் வரேல்லை. அப்பிடியே விட்டிருந்தால் மதில் முழுக்கக் கிணத்துக்குள்ள விழுந்திருக்கும்." பிறகு லிவியாவின் பக்கம் திரும்பினார். "கேட்டியளோ, டொக்டர்? நான்தான். ஏணிக்குப் போட்ட அபராதத்தோட இதையும் சேத்துக்கொள்ளுங்கோ."

லிவியாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இதை நான் இஞ்ச கேக்கேல்லை. விசாரணையில சொல்லுங்கோ," என்றார்.

"சொல்லுவன். ஊருக்கு முன்னால சொல்லுவன்."

சாருமதி தயங்கினாள். "இன்னும் ஒண்டு இருக்கு. இரண்டு வருசத்துக்கு முதல், ஆடி மாசம் வைச்ச கல்."

பொனாரியாவின் நெற்றி சுருங்கியது. "அது நாங்கள் இல்லை."

"வடிவா யோசிச்சுப் பாருங்கோ."

"என்னத்தை யோசிக்க, பிள்ளை? அதுதான் காட்டுத்தீ வந்த கோடை. ஆனி முடியேக்கை எங்களை எல்லாரையும் பஸ்ஸில ஏத்திக் கடற்கரைப் பள்ளிக்கூடத்தில கொண்டுபோய் விட்டவை. கோடை முடிஞ்ச பிறகுதான் திரும்பி வந்தம். ஊரில ஒரு நாய் கூட இல்லை."

"தீயணைப்பு ஆக்கள்?"

"அவை குன்றின்ர மற்றப் பக்கம். கோட்டைக் கதவு பூட்டிக் கிடந்தது." பொனாரியா முதன்முறையாகக் கலங்கிப்போனார். "பிள்ளை, உங்கட ஊசி பிழைச்சுப் போட்டுதோ?"

லிவியா அங்கிருந்து நடந்துபோய், வாசற் கதவின் கீலில் சிக்கியிருந்த சருகை எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றார்.

சாருமதி அந்தக் கல்லைத் திரும்பத் திரும்ப அளந்தாள். ஊசியை மாற்றி அளந்தாள். நிக்சன் கருவியைப் பிரித்துத் துடைத்துப் பூட்டினான். ஒவ்வொரு முறையும் அதே ஆடி மாதம். அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

விசாரணை பக்கத்து நகரத்தின் மாநகர மண்டபத்தில் நடந்தது. அர்ஜோலாக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு வந்து பின்வரிசைகளை நிரப்பியிருந்தார்கள். பொனாரியா எழுந்து, தானும் கணவனும் செய்ததை ஒன்றும் விடாமல் சொன்னார். "எங்கட பாட்டன்மார் செய்தவை, நாங்களும் செய்தம். விழுற சுவரைப் பாத்துக்கொண்டு நிக்க எங்களுக்குத் தெரியாது. இதுக்குத் தண்டனை உண்டெண்டால் தாங்கோ," என்று முடித்துவிட்டு உட்கார்ந்தார்.

சலீஸ் அதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகச் சாருமதியிடம் வந்தார்.

"உங்கள் கருவி அண்மைக் கற்களுக்கு மாதக்கணக்கில் துல்லியமாகச் சொல்லும், அல்லவா?"

"ஆம்."

"மேற்குச் சுவரின் கடைசிக் கல்லை இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதத்தில் வைத்திருக்கிறார்கள் என்கிறது."

"ஆம்."

"அந்த மாதம் அர்ஜோலாவில் யாரும் இல்லை. அரசு ஆவணமே இருக்கிறது. குன்று முழுவதும் அடைக்கப்பட்டிருந்தது. அப்படியானால் அதை வைத்தது யார்? அந்தக் கோட்டையைக் கட்டியவர்களின் ஆவிகளா?"

மண்டபத்தின் முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அது அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

"கண்ணுக்கு முன்னால் நடந்த ஒரே காலத்தைக்கூட இந்தக் கருவியால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இது ரோமர் காலத்தைப் பற்றிச் சொல்வதை நாம் எப்படி நம்புவது?"

"அளவு சரி," என்றாள் சாருமதி. தன் குரல் உயர்வதை அவளே கேட்டாள். "யார் வைத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கல்லை அந்த மாதம் ஒருவர் வைத்தார். இதிலிருந்து நான் பின்வாங்க மாட்டேன்."

"பெயர் இல்லாத ஒருவர்!"

"பெயர் இருக்கிறது," என்று ஒரு குரல் வந்தது.

அரசுத் தரப்பு மேசையருகே லிவியா எழுந்து நின்றிருந்தார். அவர் அன்றைக்குச் சாட்சி சொல்ல வேண்டியவர் அல்லர். கோப்புகளைக் கொண்டுவந்து கொடுக்கத்தான் வந்திருந்தார்.

"அந்தக் கல்லை வைத்தது நான்."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "டாக்டர் கவல்லோ, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறீர்களா?"

"தெரியும். தீ அணைந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ சேதத்தைப் பார்க்க என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். சூட்டில் ஒரு கல் வெடித்து வெளியே தள்ளியிருந்தது. அதற்கு மேலிருந்தவை அந்தரத்தில் நின்றன. நான் செய்ய வேண்டியது படம் எடுத்து, அறிக்கை எழுதி, அனுமதிக்குக் காத்திருப்பது. அனுமதி வர எத்தனை ஆண்டாகும் என்று எனக்குத் தெரியும். சுவருக்கு அத்தனை நாள் இருக்கவில்லை."

"ஆகவே?"

"காரிலிருந்த ஜாக்கை எடுத்து மேற்கற்களுக்கு முட்டுக் கொடுத்தேன். உடைந்த கல்லின் அளவுக்கு ஒன்று சுவரடியில் கிடந்தது. பலகையில் உருட்டிக் கொண்டுவந்தேன். முதலில் அது இருக்க மறுத்தது. ஒடுக்கமான பக்கத்தை உள்ளே திருப்பினேன். அதன் பிறகு தானாகவே போய் உட்கார்ந்தது." முதன்முறையாக அவர் முகம் மலர்ந்ததைச் சாருமதி பார்த்தாள். "இந்தப் பதவியில் இருந்த இத்தனை காலத்தில் நான் செய்ததில் எனக்குப் பெருமை தருவது அந்த ஒன்றுதான். அதை யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தது. இந்தப் பெண்ணின் கருவி கண்டுபிடித்துவிட்டது."

சலீஸ் விடவில்லை. "நல்லது. அப்படியானால் சுவரைக் கடைசியாகப் பராமரித்தது அரசு. ஊர் அல்ல."

நீதிபதி லிவியாவைப் பார்த்தார். "அதிகாரி என்ற முறையில்தான் செய்தீர்களா?"

"அதிகாரியாகச் செய்திருந்தால் ஒரு கோப்பு இருந்திருக்கும், ஐயா. அன்றைக்கு நான் அங்கே அதிகாரி இல்லை. பக்கத்தில் இருந்த ஆள். அவ்வளவுதான்."

பின்வரிசையில் முதலில் எழுந்தது பொனாரியா. அவர் கை தட்டவில்லை. நிமிர்ந்து நின்றார். பிறகு ஊர் முழுக்க நின்றது. நீதிபதி உட்காரச் சொல்லவும் சற்றுத் தாமதித்தார்.

தீர்ப்பு இலையுதிர் காலத்தில் வந்தது. "சட்டம் சமூகம் என்றுதான் கேட்கிறது, இரத்தம் என்று கேட்கவில்லை," என்று நீதிபதி எழுதியிருந்தார். "இந்தச் சுவரைக் காத்தவர்கள் ஒரே இனத்தவர் அல்லர் என்று கருவி காட்டுகிறது. சுவர் விழக்கூடாது என்று நினைத்தவர்களே அதன் சமூகம். இடையில் விடுபட்ட தலைமுறை எதுவும் இல்லை." கோட்டையும் கிணறும் அர்ஜோலாவிடமே இருந்தன. பொனாரியாவுக்கும் அவர் கணவருக்கும் சிறைத்தண்டனை விதித்து, அதை நிறுத்தி வைத்தார்கள். பொனாரியா தண்டனைத் தீர்ப்பின் பிரதியைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் வரவேற்பறையில் மாட்டியிருப்பதாக நிக்சன் கேள்விப்பட்டான்.

லிவியாவுக்குத்தான் விலை அதிகம். அதே தண்டனையோடு வேலையும் போனது. ஓய்வூதியம் பாதியானது. இனி எந்தத் தொல்லியல் பதவியும் வகிக்க முடியாது என்று உத்தரவு வந்தது. தூரினிலிருந்த அவர் தம்பி வந்து அழைத்தபோது, கொஞ்ச நாள் பொறு என்று சொல்லி அனுப்பிவிட்டார். இப்போது கோட்டைக்குக் காப்பாளரை நியமிக்கும் உரிமை ஊருக்கு இருந்தது. பொனாரியா லிவியாவின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

குளிர்காலம் முடிந்து, மழைக்குச் சுவர் எப்படித் தாங்கியது என்று பார்க்கப் பலெர்மோவிலிருந்து சாருமதியும் நிக்சனும் திரும்பி வந்தார்கள். அவர்கள் குன்றேறி வரும்போதே சண்டைச் சத்தம் கேட்டது.

"ஏணியை மதிலில சாத்தக்கூடாது எண்டு எத்தினை தரம் சொல்லுறது?" அது லிவியா.

"இப்ப இது எங்கட கோட்டை, தெரியுமோ!" அது பொனாரியா.

"உங்கட கோட்டை எண்டபடியால்தான் சொல்லுறன். எடுங்கோ."

பொனாரியா முணுமுணுத்துக்கொண்டே ஏணியை எடுத்தார். சாருமதியைக் கண்டதும், "பாத்தியோ பிள்ளை, நாங்களே கூப்பிட்டு வைச்ச கொடுமை," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நிக்சனைப் பிடித்துச் சாப்பாட்டுக்குக் கீழே கூட்டிப்போனார்.

சாருமதி மேற்குச் சுவரில் குளிர்காலம் முழுக்க விட்டுவைத்திருந்த, பாரம் அளக்கும் சிறு கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். லிவியா பக்கத்தில் வந்து நின்றார். விதிக்காக நிற்கும் பழைய நிற்பு இல்லை அது. எதையோ கேட்க வந்து கேட்காமல் நிற்கும் நிற்பு.

"டொக்டர், என்ன?"

"இப்ப நான் டொக்டர் இல்லை." லிவியா தொண்டையைச் செருமினார். "என்ர கல்… அசைஞ்சிருக்கோ?"

சாருமதி கருவியின் திரையைத் துடைத்துவிட்டு வாசித்தாள். அந்தக் குளிர்காலம் பல ஆண்டுகளுக்குப் பிறகு வந்த பெருமழைக் காலம். சுவரின் பாரம் கொஞ்சம் இடம் மாறியிருந்தது. பழைய கற்கள் இரண்டு லேசாகத் தளர்ந்திருந்தன.

"அசையேல்லை," என்றாள். "மற்றக் கல்லுகள் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக் குடுத்திருக்கு. மேல நிக்கிற மூண்டும் இப்ப முழுப் பாரத்தையும் உங்கட கல்லிலதான் இறக்கியிருக்கு. அது ஒரு மயிரளவும் நகரேல்லை."

லிவியா சுவரைப் பார்த்தார். கன்னத்தில் விழுந்த நரைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார்.

"எனக்குத் தெரியும்," என்றார்.